கடுக்காய் உடைத்த இரும்பு

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி, எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர், யாரிடமோ என் எண்ணை வாங்கியிருக்கிறார். கொல்லையில் தோண்டி எடுத்த துருப்பிடித்த இரும்பு ஒன்றை, பெயர் வைக்கிற நாளில் பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். படத்தோடு அவர் குரலும் வந்தது. “ஐயா, மிஷினு கத்துச்சு, தோண்டிட்டேன். நல்லா பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன். இது இன்னா அயிட்டம்னு கொஞ்சம் சொல்லுங்க.”

பிரஷ் போட்டுத் தேய்த்தேன் என்றதும் உடனே கூப்பிட்டேன்.

“அது இப்ப எங்க இருக்குது?”

“டிவிக்குப் பக்கத்துலதாங்க. எல்லாரும் பாத்துக்கினு இருக்கோம்.”

“எல்லாரும்னா?”

“வூடே இருக்குதுங்க. எதிர்வூட்டுக்காரங்களும் வந்திருக்காங்க.”

அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து, தூரத்தில் நின்று, நூறுக்குப் போன் செய்யச் சொன்னேன். அவர் தயங்கினார். “அதையும் வெளிய எடுத்துக்கினு வந்துரட்டுங்களா?” என்றார். “நீங்க மட்டும் வாங்க. அது உள்ளயே இருக்கட்டும்” என்றேன். கடைசியில் அது பழைய நீர்மூழ்கி மோட்டாரின் அடிப்பாகம் என்று தெரிந்தது. மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “பெருசா இன்னாவோன்னு நெனச்சுட்டேங்க” என்றார். குண்டாக இல்லாமல் போனதே என்று வருத்தப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி ஒரு காலத்தில் எங்களைப் போன்ற வெடிகுண்டுப் பிரிவுப் போலீஸ்காரர்களிடம் மட்டும்தான் இருந்தது. இப்போது கைப்பேசியில் தட்டினால் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தொலைந்த மோதிரம் தேடுகிறவர், புதையல் தேடுகிறவர், சும்மா பொழுது போக்குகிறவர் என்று ஆளாளுக்கு மண்ணைத் தட்டிக் கேட்கிறார்கள். மண்ணும் பதில் சொல்கிறது. சொல்வது ஆணியா, ஏர்க்கொழுவா, குண்டா என்றுதான் அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால்தான் எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் தம்பிகள் என்னிடம் கேட்டார்கள்: “ஐயா, அந்தக் கடுக்காய் சமாச்சாரத்தை எழுதிக் குடுத்துடுங்க. வாயால சொன்னா ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு திரியறோம்.”

நான் எழுத்தாளன் இல்லை. பத்தாம் வகுப்போடு காவல்துறைக்கு வந்தவன். மற்றபடி படித்ததெல்லாம் காவல் பணியில் கிடைத்த ஓய்வில் கையில் கிடைத்ததைப் படித்ததுதான். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, வெடிகுண்டுப் பிரிவுக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கி, பயிற்சிக்குப் போய், பெயிலாகி, மறுபடி போய்த் தேறி, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். அங்கே சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பற்றித்தான் இது. அதை நான் இன்ஸ்பெக்டர் ஞானசேகரனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஞானசேகரன் ஐயா பார்ப்பதற்குப் போலீஸ்காரர் மாதிரியே இருக்க மாட்டார். தொப்பை இல்லை, மீசையும் ஏதோ மறந்துபோய் வைத்த மாதிரி இருக்கும். குரல் எழும்பாது. ஓர் இடத்துக்குப் போனால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். “இது கையில இருந்தா பாக்கத் தோணும். பார்த்தா அவசரம் வரும்” என்பார். அடுத்து, பொருளைக் கண்டவரைக் கூப்பிட்டு, கண்டதைத் தரையில் விரலால் வரையச் சொல்வார். வரைந்து முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். “வாயால சொல்றப்ப ஆளு தனக்குத் தெரிஞ்சதைச் சொல்வான். வரையறப்ப பார்த்ததை வரைவான்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் ஒருமுறை தூக்குவாளி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. நாங்கள் சனத்தை விலக்கி, மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி கிளீனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “யோவ், அது என் கருவாட்டுக் கொழம்புய்யா! அதுக்கு மூட்டை அடுக்கி அழகு பாத்துக்கினு இருக்கீங்க!”

வேறு அதிகாரியாக இருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும். ஐயா அவரைத் தரையில் உட்காரவைத்தார். “கொழம்புன்னே வச்சிக்குவோம் தம்பி. மூடி எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டு.”

“மூடில ஒரு காது ஒடைஞ்சிருக்கும் சார். அதனாலதான் எங்கூட்டுக்காரி பச்சைக் கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தா. நாலு முடிச்சு. அவளுக்கு என்மேல நம்பிக்கை கம்மி.”

எல்லாம் ஒத்துப்போனது. ஆனாலும் திறக்கும்வரை விதிப்படிதான் நடந்தோம். திறந்ததும் அந்தப் பேருந்து நிலையமே மணந்தது. திரும்பி வரும்போது நான் கேட்டேன், “ஐயா, அவன் அவ்வளவு பேச்சுப் பேசுறான், உங்களுக்குக் கோவமே வரலையா?”

“வரும் ஏகாம்பரம். ஆனா கோவமா கேட்டா பொய் சொல்வான். அவன் பொய் சொன்னா நாம சாவோம்” என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே மறுபடி பேசினார். “நம்ம வேலை சரியா நடக்குதான்னு எப்பத் தெரியும் சொல்லு. எடுத்து முடிச்சப்ப இல்ல. அடுத்த தபா அவங்களா நம்மளக் கூப்பிடணும். பயப்படாம கூப்பிடணும். அப்பத்தான்.”

நான் அப்போது தலையை ஆட்டிவைத்தேன். முழுதாக விளங்கியது கல்வராயன் மலையில்தான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிது. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து தகவல் வந்தது. பத்துப் பதினைந்து வீடு இருக்கும். வெள்ளையன் என்பவர் வீட்டில் அவர் மனைவி அலமேலுவின் கம்மல் ஒன்று களத்தில் தொலைந்துவிட்டது. சாமை தூற்றும்போது காதிலிருந்து நழுவியிருக்கிறது. கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்த வெள்ளையன், வரும்போது யாரோ கூட்டாளியிடம் உலோகம் தேடும் கருவியை இரவல் வாங்கி வந்து களம் முழுக்கத் தடவியிருக்கிறார். கம்மல் கிடைக்கவில்லை. பழைய மாட்டுப்பட்டி இருந்த மூலையில் கருவி அலறியிருக்கிறது. தோண்டினால் வாலோடு ஓர் இரும்பு. அதைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்.

நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது ஊரில் ஒரு சத்தம் இல்லை. நாய் மட்டும் குரைத்தது. அந்த மலைக்குப் போலீஸ் ஜீப் ஏறினால் அது சாராய ஊறலை உடைக்கத்தான் ஏறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காய்ச்சியவன் ஓடிவிடுவான், காய்ச்சாதவன் அகப்பட்டுக்கொள்வான். அதனால் குற்றம் செய்யாதவர்களுக்குத்தான் ஜீப்பைக் கண்டு பயம் ஜாஸ்தி. ஒவ்வொரு கதவாகத் தட்டி, எல்லோரையும் வெளியே கூட்டி, வெள்ளையன் வீட்டுக்கு எதிர்க்கோடியில் இருந்த புளியமரத்தடியில் உட்காரவைத்தோம். மற்ற சாமான்களும் பாதுகாப்பு உடையும் வேறு வண்டியில் பின்னால் மலை ஏறிக்கொண்டிருந்தன.

ஐயா கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெள்ளையனைக் கூப்பிட்டார். “கண்ணு, பார்த்ததை வரை.”

வெள்ளையன் மண்ணில் ஒரு மீன் வரைந்தார். “மீனு மாதிரிதான் இருந்துச்சுங்க. மலையில மீனு ஏதுன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுச்சு.”

“தொட்டியா?”

வெள்ளையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொட்டிருந்தா தப்பில்ல. எப்படித் தொட்டன்னு மட்டும் சொல்லு.”

“தூக்கிப் பாத்தேங்க. கனமா இருந்துச்சு. உடனே குழியிலயே வச்சுட்டேன்.”

“நல்ல காரியம் பண்ண” என்றார் ஐயா. வெள்ளையன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

எங்கள் வேலையில் ஆபத்துக்குப் பக்கத்தில் போகிறவர் ஒருவர்தான். இன்னொருவர் கூடப் போனால் தைரியம் கூடும், சாவும் ஒன்று கூடும். ஐயா தனியாகப் போய், குழிக்குக் கொஞ்சம் தள்ளி வயிற்றில் படுத்து, தொடாமல் பார்த்தார். திரும்பி வந்து வெள்ளையனின் மீனுக்குப் பக்கத்தில் தானும் ஒரு மீன் வரைந்தார். வாலில் துடுப்பு, நடுவயிற்றில் ஒரு வளையம், மூக்கில் ஒரு குமிழ்.

“பட்டாளத்துக் குண்டு. குழாயில போட்டு மேல சுடுவாங்களே, மோர்ட்டாருன்னு, அது. ரொம்பப் பழசு. பெயின்ட்டு எதுவும் மிச்சமில்ல.”

“உசிரு இருக்குங்களா ஐயா?” என்று நான் கேட்டேன்.

“பாத்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியலைன்னா இருக்குதுன்னுதான் வச்சுக்கணும்.”

பிறகு அவர் வெள்ளையன் பக்கம் திரும்பி, கல்யாணத் தரகர் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: “இதுக்கு அண்ணன் தம்பி யாராச்சும் உண்டா?”

வெள்ளையன் கண் ஒரு நொடி புளியமரத்துப் பக்கம் போய்விட்டு வந்தது. “இல்லைங்க” என்றார்.

நான் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, “மரியாதையா சொல்லு” என்று. ஐயா என் கையைத் தொட்டு நிறுத்தினார். ஜீப்பையும் சீருடையில் இருந்த மற்ற இருவரையும் சாலை வளைவுக்கு அப்பால், ஊர்க் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பினார். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி ஜீப்பிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, புளியமரத்தடிக்கு நடந்தார்.

அங்கே பெண்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. கடுக்காய்க் காலம். காட்டிலிருந்து பொறுக்கிவந்த கடுக்காயைக் காயவைத்து, உடைத்து, கொட்டையை நீக்கித் தோலைத் தனியாக எடுக்கிற வேலை அந்த மலையில் ஓயாது. உட்காரச் சொன்னால் அதையும் கூடையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கையில் ஆற்றுக் கல்லை வைத்துக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் சின்னப்பாப்பா. வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் அடங்காத நாக்கு. ஐயா அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்து, கடுக்காயை வைத்து ஓங்கிப் போட்டார். கடுக்காய் எகிறி ஓடியது. கல் அவர் கட்டைவிரலில் விழுந்தது.

சின்னப்பாப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “போலீசு கடுக்காய புடிக்கப் போய் அதுவும் ஓடிப்போச்சு!” என்றார். மரத்தடி மொத்தமும் சிரித்தது.

ஐயாவும் விரலை உதறிக்கொண்டே சிரித்தார். “நீங்க மட்டும் எப்படிம்மா விரல் நசுங்காம உடைக்கறீங்க?”

“கல்லுல ஒடைச்சா எங்களுக்கும் நசுங்கும் ஐயா. இதுக்கெல்லாம் அந்த இரும்பு வோணும்.”

சொல்லி முடித்ததும் சின்னப்பாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றிலும் கல் தட்டுகிற சத்தமும் நின்றது.

ஐயா அவர் முகத்தைப் பார்க்காமல், ஓடிப்போன கடுக்காயைத் தேடி எடுத்துக்கொண்டே கேட்டார். “அந்த இரும்பு எப்படி இருக்கும்மா? வரைஞ்சு காட்டுங்க.”

சின்னப்பாப்பா கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு விரலை நீட்டி வரைந்தார். வெள்ளையன் வரைந்த அதே மீன். வால் மட்டும் இல்லை.

“வாலு எப்பவோ ஒடைஞ்சு போச்சுங்க. அதனால கைக்கு வாட்டமா இருக்கும்.”

“எத்தினி நாளா உடைக்கறீங்க?”

“நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து கொஞ்ச நாள்ல வெள்ளையன் அப்பன் கொண்டாந்தாரு. அதுலேந்து.”

அந்த மலையில் உரல், முறம் போல இந்த இரும்பும் வீட்டுக்கு வீடு இரவல் போகிற சாமான். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. எந்த வீட்டில் கடுக்காய் காய்ந்திருக்கிறதோ அந்த வீட்டுக்கு இரும்பு போகும்.

“இப்ப யாரு வூட்ல இருக்குது?” என்றார் ஐயா.

எல்லோருடைய உடம்பும் ஒருத்தியை விட்டு லேசாக விலகிய மாதிரி எனக்குத் தோன்றியது. பவுனு என்று ஒரு சின்னப் பெண். புளியமரத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, அவள் வீடு. கூரையிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள் பவுனு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. வெள்ளையன் மாமா எடுத்தது மாதிரியே இதுவும் இருக்குது, என்னியும் புடிச்சுக்குவாங்கன்னு…”

“எங்க வச்சிருக்க கண்ணு?”

“அடுப்புலங்க. சாம்பலுக்குள்ள.”

ஊறல் பானைக்காக வீடு புகுந்து துழாவுகிறவர்கள் தானியக் குதிருக்குள் துழாவுவார்கள், கூரையைத் துழாவுவார்கள். எரிகிற அடுப்புக்குள் கைவிட மாட்டார்கள். அதனால் அந்த ஊரில் அவசரத்துக்கு எதை மறைப்பதென்றாலும் அடுப்புச் சாம்பல்தான். வேறு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

“அடுப்புல நெருப்பு இருக்குதா?” ஐயாவின் குரல் கொஞ்சமும் ஏறவில்லை.

“களி வேவுதுங்க.”

“உள்ள யாராச்சும்?”

“பாப்பா தூங்குது. தூளியில. எழுப்ப வேணாம்னு வுட்டுட்டு வந்தேன்.” சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து ஓடப் போனவளைச் சின்னப்பாப்பா இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையன் வீட்டுக் குண்டிலிருந்து காப்பாற்ற, சனத்தை இந்தக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறோம். பாதுகாப்பு உடை இன்னும் மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. காத்திருக்க முடியாது.

“ஏகாம்பரம், எல்லாரையும் கூட்டிக்கினு மரத்துக்கு அந்தாண்ட இருக்கற பெரிய பாறைக்குப் பின்னால போ. ஒருத்தரும் மிச்சம் இருக்கக் கூடாது. நீ திரும்பிப் பாக்காத” என்று சொல்லிவிட்டு, செருப்பு போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரி நடந்தார்.

சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பவுனுவைச் சின்னப்பாப்பாவும் அலமேலுவும் ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்க்காதே என்றால் யார் கேட்கிறார்கள்? பார்த்தேன். குனிந்து வாசலுக்குள் போனார். புகை வந்துகொண்டிருந்தது. தூளிச் சேலையை அவிழ்த்து, பிள்ளையோடு சுருட்டி மாரில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஓடவில்லை. ஓடினால் தடுக்கும் என்பது அவர் கணக்கு. பாறைக்குப் பின்னால் வந்து பவுனு மடியில் வைத்தபோது, அந்தப் பெண் குழந்தை வாயைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் தூங்கியது.

ஐயா உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“தண்ணி ஊத்தி அணைச்சுரட்டுங்களா?” என்றார் வெள்ளையன்.

“யாரும் போவக் கூடாது. வெறகு தீர்ந்தா அதுவா அணையும்.”

“இப்பத்தாங்க பெரிய கட்டையாத் தள்ளிட்டு வந்தேன்” என்று பவுனு முனகினாள்.

காத்திருந்தோம். வெடிகுண்டுப் பிரிவு வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். இதைச் சினிமாவில் காட்ட மாட்டார்கள். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கூரைப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், யாரும் கேட்காமலே வெள்ளையன் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அப்பா வடக்கே ரோடு வேலைக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் பட்டாளம் சுட்டுப் பழகுகிற மைதானம் இருந்திருக்கிறது. அங்கே கிடந்தது என்று இரண்டு இரும்பைக் கொண்டுவந்திருக்கிறார். வால் இருந்ததை மாட்டுப்பட்டி மூலையில் புதைத்ததாகச் சின்ன வயதில் கேட்டிருந்தது, தோண்டி எடுத்த பிறகுதான் வெள்ளையனுக்கு நினைவு வந்திருக்கிறது. இரும்பு புதைத்த பட்டியில் காத்துக் கருப்பு அண்டாது என்பது அங்கே வழக்கம். வால் உடைந்தது கடுக்காய்க்கு ஆனது.

“எங்கப்பன் செத்துட்டாரு ஐயா. என்னியத்தான் புடிச்சுக்கினு போவீங்க?”

“உன்னை எதுக்கு? கொண்டாந்தவரு போய்ச் சேந்துட்டாரு. உடைச்ச கையப் புடிக்கணும்னா இந்த மலையில பாதிப் பேரைப் புடிக்கணும். என் ஜீப்புல எடம் இல்ல.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா சிரிக்காமல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இதுக்காக இந்த ஊர்ல ஒருத்தரையும் கூட்டிக்கினு போவ மாட்டேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதுவேன். வேற எங்கயாச்சும் இருந்தா மட்டும் சொல்லிடுங்க.” பிறகு மேலதிகாரி ஒருவர் போனில், “யாரையும் அரெஸ்ட் பண்ணலையா?” என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்கு ஊரே பள்ளிக்கூடத்தில் படுத்தது. கூரைப் புகை நின்று, சாம்பல் ஆறி, மறுநாள் வெளிச்சம் வந்து, சென்னையிலிருந்து நிபுணர்கள் வந்த பிறகுதான் ஆள் கிட்டே போனது. கொக்கி மாட்டி, நீளக் கயிற்றைப் பாறைக்குப் பின்னால் கொண்டுவந்து, அங்கிருந்து இழுத்தார்கள். ஒரு சாண் வரும், நிறுத்துவார்கள், காத்திருப்பார்கள். வரும் வழியில் அடுப்பு இடிந்து விழுந்தது. “அடுப்பு போனா போவட்டும்” என்றாள் பவுனு. வீடு நின்றது.

கீழே சாமைக்காட்டில் தனித்தனியாகக் குழி தோண்டி, மூட்டை அடுக்கி, இரண்டையும் அழித்தார்கள். முதலில் வால் உள்ளது. டப் என்று ஒரு சத்தம், அழிக்க வைத்த வெடிமருந்தின் சத்தம் மட்டும்தான். உள்ளே ஒன்றுமில்லாத பயிற்சிக் குண்டு அது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இவ்ளோதானா? இதுக்கா பள்ளிக்கூடத்துல படுத்தோம்?” என்றார் சின்னப்பாப்பா.

இரண்டாவதாக, கடுக்காய் உடைத்த இரும்பு.

அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. மலை அதை வாங்கித் திருப்பி எங்கள் மேலேயே போட்டது. காட்டில் இருந்த பறவை எல்லாம் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள். வெள்ளையன் வீட்டில் மண்ணுக்குள் கிடந்ததைப் பார்த்து ஊரே பயந்தது, அது வெறும் கூடு. தினம் கையில் எடுத்து ஓங்கிப் போட்டதுதான் உயிரோடு இருந்தது.

சின்னப்பாப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னப்பாப்பா கேட்டது இதுதான்: “இனிமே எதுல ஐயா ஒடைக்கிறது?”

கிளம்பும் முன் ஊரையே எங்கள் கருவியால் ஒருமுறை தடவிப் பார்த்தோம். வேறு குண்டு இல்லை. ஆணி, சோடா மூடி, ஏர்க்கொழு நுனி. வெள்ளையன் வீட்டுக் களத்து ஓரம், சாமை உமிக்குள் அலமேலுவின் கம்மல் கிடைத்தது. குண்டு வெடித்தபோது வராத கூச்சல் அப்போது வந்தது. “போலீசு மிஷினுக்குத்தான் கண்ணு இருக்குது. உம் மிஷினும் உன்ன மாதிரியே!” என்று அலமேலு புருஷனைப் பார்த்துச் சொன்னது மலை அடிவாரம்வரை கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் ஐயா கள்ளக்குறிச்சியில் ஒரு கொல்லரிடம் சொல்லி, கைப்பிடி வைத்த இரும்பு உலக்கை மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னார். சின்னப்பாப்பா வரைந்த படத்தை நினைவில் வைத்து அவரே கொல்லருக்கு வரைந்து காட்டினார். நான்தான் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீருடையில் போகவில்லை. சின்னப்பாப்பா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “உள்ள ஒண்ணும் இல்லியே?” என்றார்.

ஐயா மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றார். பிறகு நானும் பெற்றேன். என் எண் அந்த ஊரில் யாரிடமோ இருந்திருக்கிறது.

இந்த ஆண்டு கடுக்காய்க் காலத்தில் ஒருநாள் காலை போன் அடித்தது. “ஐயா, நான் பவுனு பேசறன். மலையிலேந்து.”

“சொல்லும்மா. பொண்ணு எப்படி இருக்குது?”

“இருக்குதுங்க. ஐயா, கொல்லையில தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் எடுத்துக்கினு இருந்தோம். மண்ணுல இரும்பா ஒண்ணு எட்டிப் பாக்குது. இன்னான்னு தெரியல.”

“யாராச்சும் தொட்டீங்களா?”

“யாரும் தொடலைங்க. நூறுக்கு மொதல்லயே சொல்லிட்டேன், வந்துக்கினு இருக்காங்களாம். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான். எல்லாரையும் பாறைக்குப் பின்னால கொண்டாந்துட்டேன்.”

“ரொம்ப நல்லது பண்ணம்மா.”

“அடுப்பையும் அணைச்சுட்டேங்க.”